ஒரு சாண் இடைவெளி

குழாயின் வாய்க்கும் வாளியின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே இந்தத் தெருவின் பிளம்பருக்குச் சாண்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். எந்த வீட்டில் வேலைக்குக் கூப்பிட்டாலும் மனிதர் முதலில் பையை இறக்க மாட்டார். நேராகக் குளியலறைக்குப் போவார். அங்கே குழாயில் மாட்டிய ஓஸ் வாளிக்குள் முங்கிக் கிடந்தால் போச்சு, அந்த வீட்டம்மா அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"இதென்னம்மா, ஓஸை வாளிக்குள்ள முக்கி வச்சிருக்கீங்க? எடுங்க முதல்ல."

"வெளிய வச்சா தண்ணி தெறிக்குதுங்க. உள்ள இருந்தா என்ன ஆயிடப் போகுது?"

"மெயின்ல தண்ணி நின்னுச்சுன்னா வாளியில இருக்கிற அழுக்குத் தண்ணி அப்படியே குழாய்க்குள்ள ஏறிடும். அப்புறம் அதைத்தான் சமையலறையில பிடிச்சுக் குடிப்பீங்க."

"கீழ இருக்கிற தண்ணி மேல ஏறுமா? யார்கிட்ட கதை விடறீங்க!"

"ஸ்ட்ரா போட்டு ஜூஸ் உறிஞ்சறீங்களே, அது மட்டும் எப்படி ஏறுது?"

அந்தம்மா பதில் யோசிப்பதற்குள் பையிலிருந்து கத்தி வெளியே வந்திருக்கும். இடது கையை விரித்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் அளந்து, வாளிக்கு மேலே ஒரு சாண் நிற்கும்படி ஓஸை அறுத்துவிடுவார். "ஐயையோ, புது ஓஸ்!" என்ற கூச்சலை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஒருமுறை ஓர் இன்ஜினியர் வீட்டில் அந்த மனிதரே நிறுத்தினார். "ஏங்க, நாலு விரல் இடைவெளி இருந்தாலே போதும். சாண் எதுக்கு?" என்றார். "உங்களுக்கு நாலு விரல் போதும் சார். எனக்குச் சாண் வேணும்," என்று சொல்லிவிட்டு அங்கேயும் அறுத்துவிட்டுத்தான் வந்தார்.

கிறுக்கு என்றார்கள். சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். பட்டவனுக்குத்தானே தெரியும், எது எவ்வளவு தூரம் என்று. இந்தத் தெருவுக்கு அவர் குடிவந்தது பத்து வருடத்துக்கு முன்னால். அதற்கு முன்பு அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது.

அப்போது அவர் அவசரக்காரர். ஒரு வேலையில் கை இருக்கும்போதே மனசு அடுத்த வேலைக்குப் போய்விடும். கைவேலை சுத்தம், பேச்சும் இனிமை, ஆனால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று ஒரு பொல்லாத பழக்கம். வீட்டுச் சமையலறைக் குழாய் இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி அதற்கடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "ஊருக்கெல்லாம் ஒழுக்கு அடைக்கிற மனுஷன் வீடுங்க இது. பிளம்பர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க!" அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மகள் பாப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கும் வீடாகத்தான் அது இருந்தது.

நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தண்ணீர் வேலை முழுவதும் அவர் கையில் இருந்தது. தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீர் முன்பக்கக் குழாய்களுக்கும் கீழ்த்தளத்துக்கும் நேராகப் போகும். அதிலிருந்து ஒரு கிளை பின்பக்கத் தோட்டத்துக் குழாய்க்குப் போனது. அந்தக் கிளை பிரிகிற இடத்தில், மண்ணுக்குள் ஒரு வால்வு. உள்ளே ஒரு பித்தளைத் தகடு கதவு மாதிரித் தொங்கும். தண்ணீர் தோட்டத்துக்குப் போனால் திறந்து வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் சாத்திக்கொள்ளும். அதற்கு வேலையே அவ்வளவுதான்.

அந்தத் தகடு உப்புப் படிந்து இறுகிவிட்டது. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், "செடியெல்லாம் காயுது, இன்னைக்கே ஏதாவது பண்ணுய்யா," என்று தலைமேல் நின்றார். சாண்காரர் வால்வைத் திறந்தார், தகட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார், மூடியை முறுக்கினார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

"நாளைக்குப் புது வால்வு போட்டுடறேன் சார்."

அந்த 'நாளை' எட்டு மாதமாக வரவில்லை. செடிகள் செழிப்பாக இருந்தன. தண்ணீர் நன்றாக வரும்போது வால்வை யார் நினைக்கப் போகிறார்கள்?

அன்றைக்கு முன்பக்கம் புதிதாக ஒரு குழாய் வைக்கிற வேலை. காலையில் மெயின் வால்வை மூடப்போனபோது கரையான் மருந்து அடிக்கிற ஆள் எதிரே வந்தார். சுறுசுறுப்பான மனிதர், எல்லோரிடமும் அண்ணே அண்ணே என்று பேசுவார்.

"அண்ணே, தண்ணி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அரைமணி நேரம்தான்."

"சரி, அப்ப நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

பேச்சு அவ்வளவுதான். பின்கட்டில் உயரமான படிக்கட்டுத் திட்டின் மேல் அவருடைய டிரம் இருந்தது. மருந்தை ஊற்றியாகிவிட்டது, தண்ணீர் பாதி நிறைந்திருந்தது. தோட்டத்துக் குழாய் திறந்தபடியே இருந்தது. ஓஸின் முனை டிரம்முக்குள் முங்கிக் கிடந்தது. தண்ணீர் நின்றுவிட்டதே, வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் போய்விட்டார்.

முன்பக்கம் சாண்காரர் குழிக்குள் இறங்கிக் குழாயை அறுத்தார். தேங்கியிருந்த தண்ணீர் குழிக்குள் கொட்டியது. பின்னாலேயே குழாய் கொடகொடவென்று இழுத்தது. காற்று இழுக்கிறது என்று நினைத்தார். பிளம்பருக்கு அது தினமும் கேட்கிற சத்தம். இழுத்தது காற்றில்லை. பின்கட்டில் இருந்த டிரம்மை அந்தக் குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது, தடுக்க வேண்டிய தகடு அவருடைய பைக்குள் கிடந்தது. குழிக்குள் விழுந்து மண்ணில் ஊறியது போக மீதி மருந்துத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்றது. அவர் புதுத் துண்டைச் சொல்யூஷன் தடவி ஒட்டினார், காயவிட்டார், மெயினைத் திறந்தார்.

சரியாக அந்த நேரத்துக்கு மனைவி டிபன் கேரியருடன் வந்து சேர்ந்தாள். உச்சி வெயிலில் நடந்தே வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"என்னங்க, முதல்ல தண்ணி குடுங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு."

"அதிர்ஷ்டக்காரிடி நீ. புதுக்குழாய், முதல் தண்ணி உனக்குத்தான்." கேரியர் மூடியிலிருந்த டம்ளரை எடுத்து அவரே பிடித்துக் கொடுத்தார்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். "என்னங்க இது, பால் மாதிரி வெள்ளையா இருக்கு?"

"காத்துடி. லைனை நிறுத்தித் திறந்தா அப்படித்தான் வரும்."

"ஏதோ வாடை அடிக்குதே."

"சொல்யூஷன் வாடை. இப்பத்தான ஒட்டினேன். ஒண்ணும் ஆகாது, குடி."

குடி என்றார். வேலை தெரியாத ஒருத்தன் பக்கத்தில் நின்றிருந்தால், 'சீ, கீழ ஊத்து' என்றிருப்பான். இவருக்கு வேலை தெரியும். வெள்ளைக்கு ஒரு காரணம் தெரியும், வாடைக்கு ஒரு காரணம் தெரியும். இருபது வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்த காரணங்கள். அவளுக்குப் புருஷன் சொன்னதே போதும். மூக்கைச் சுளித்துக்கொண்டே மடக்மடக்கென்று முழு டம்ளரையும் குடித்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாந்தி. வேர்வை நிற்கவில்லை, வாயில் நீர் ஒழுகியது, கண் மங்கியது. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். வெயிலில் நடந்தாள், வேறு ஒன்றுமில்லை என்றார் சாண்காரர். அப்போது அவருக்கு நிஜமாகவே தெரியாது. சாயங்காலம் செயலாளர் போன் செய்து, கீழ்த்தளத்துக் குழாயில் மருந்து வாடை அடிக்கிறது, ஒருவரும் தண்ணீரைத் தொடவில்லை, வந்து பார் என்றார். போனார். பின்கட்டுக்கு நடந்தார். டிரம்மையும் அதற்குள் முங்கியிருந்த ஓஸையும் பார்த்தார். திரும்பி ஓடி, டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். பைக்குள் இருந்த தகட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆறு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தது. அவர் அன்று காலையில்தான் வீட்டுக் குழாய் ஒழுக்கை அடைத்துவிட்டு வந்திருந்தார். அவள் வீட்டுக்கு வந்ததும் காட்ட வேண்டும், இனி யாரிடம் என்னைக் கிண்டல் பண்ணுவே என்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளை... அது காத்து இல்ல, இல்லைங்களா?"

"இல்ல."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. "பாப்பாகிட்ட சொல்லாதீங்க. இனிமே அவளுக்கு நீங்க ஒருத்தர்தான்."

குழாய் அடைத்ததை அவர் சொல்லவே இல்லை. ஆறாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சமையலறையில் சொட்டுகிற சத்தம் இல்லாமல் இருந்தது. அந்த அமைதியில் நிற்க முடியாமல் மனிதர் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

விசாரணை நடந்தது. அதிகாரி கேட்டார், "தோட்டத்துக் கிளையில, தண்ணி திரும்பி வராம இருக்க வால்வு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

பொய் என்று சொல்ல முடியாது. மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள், வால்வு இருந்தது. திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய வால்வு, சரியாக மூடாமல் போயிருக்கலாம் என்று எழுதிவிட்டு, ஓஸை மருந்துக்குள் போட்டுவைத்த ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். கரையான் மருந்துக்காரருக்கு இரண்டு வருடம் சிறை. லைசென்ஸும் போயிற்று. சாண்காரர் வீட்டைக் காலிசெய்துகொண்டு மகளோடு இந்தத் தெருவுக்கு வந்தார். தகட்டை ஒரு பழந்துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார். அதை வெளியே எறியவும் முடியவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

பாப்பா வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆயிற்று. நாள் தவறாமல் காலை ஏழரைக்குப் போன் செய்வாள். "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? பொய் சொல்லாத." அம்மா பேச்சு வரும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான். "அந்த ஆளு மட்டும் ஓஸை வெளிய எடுத்து வச்சிருந்தா அம்மா இருந்திருப்பா, இல்லப்பா?" அவர் தலையாட்டுவார். வாயால் ஒருமுறை சொன்ன பொய்யைத் தலையால் நூறு முறை சொல்லிவிட்டார். என்ன செய்வார்? மிச்சமிருந்தது அவள் ஒருத்தி. சொன்னால் அவளும் போய்விடுவாள் என்ற பயம் அவர் வயிற்றிலேயே குடியிருந்தது. பெண்டாட்டியே சொல்லாதே என்றுதானே சொன்னாள் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டும் கட்டிக்கொள்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவும் அவள் புருஷனும் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார்கள். தண்ணீர் வேலை மட்டும் பாக்கி. அப்பா கைதான் படவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அன்று காலை பத்து மணிக்கு அப்பாவும் மகளும் அவர் வீட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் குழாய் போகிற வழியை வரைந்துகொண்டிருந்தார்கள்.

"சமையலறையில ரெண்டு குழாய்பா. ஒண்ணு குடிக்க, ஒண்ணு கழுவ."

"தொட்டிக்கு மேல சாண் இருக்கணும்."

"தெரியும் சாண்காரரே, தெரியும்! பிறந்த குழந்தைக்குக்கூட அதைத்தான் முதல்ல சொல்லுவ போலிருக்கு."

அவர் சிரித்தார். அப்போதுதான் வாசலில் யாரோ செருமினார்கள்.

மெலிந்த ஒரு மனிதர். தலையில் முடியே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். முதலில் அடையாளம் கண்டுகொண்டவள் பாப்பாதான். சட்டென்று எழுந்தாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க? போங்க வெளிய."

"உள்ள வரலம்மா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்." கரையான் மருந்துக்காரர் சாண்காரரைப் பார்த்தார். "அண்ணே, எனக்கு உடம்பு சரியில்ல. நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு அந்த ஓஸை நான் எடுத்து வச்சிருக்கணும். டீ குடிக்கப் போனேன். பதினோரு வருஷமா நான் டீயே குடிக்கறதில்லண்ணே. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

எவ்வளவு சுலபமான வார்த்தை! சொல்லியிருந்தால் அந்த மனிதர் நிம்மதியாகப் போயிருப்பார். அப்பாவின் பெரிய மனசைப் பார்த்து மகள் உருகியிருப்பாள். சாண்காரர் வாயைத் திறந்தார். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் எழுந்துபோய்ப் பையை எடுத்துவந்து, அடியிலிருந்த துணியை அவிழ்த்து, அந்தத் தகட்டை அந்த மனிதர் முன்னால் படியில் வைத்தார். பித்தளை பச்சை பூத்துக் கிடந்தது.

"இது அந்த வால்வுக்குள்ள இருக்க வேண்டிய தகடு. எட்டு மாசம் முன்னாடியே நான்தான் கழட்டினேன். திரும்பப் போடல. இது இருந்திருந்தா உங்க மருந்து வந்திருக்காது. நீங்க ஓஸை முக்கி வச்சிருந்தாலும் வந்திருக்காது. கேட்டாங்க, இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். மன்னிப்பு நான்தான் கேட்கணும்."

அந்த மனிதர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் உள்ள இருந்தப்பதாண்ணே எங்கம்மா செத்தாங்க," என்றார். திட்டவில்லை. "நீ ஒரு உயிரை எடுத்துட்டு வந்தவன், என் முகத்துல முழிக்காதேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

தகட்டைப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு, அதுகூடத் தெரியாமல் நடந்துபோனார்.

பாப்பா சுவரோடு நின்றிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அம்மா அந்தத் தண்ணியைக் குடிக்கறப்ப பக்கத்துல யார் இருந்தா?"

"நான்தான். நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்."

"வாடை அடிச்சிருக்குமே. அம்மா ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டா."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் ஆகாது, குடின்னு சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னார். பால் நிறத்தைச் சொன்னார், சொல்யூஷன் வாடையைச் சொன்னார். பாப்பாகிட்ட சொல்லாதீங்க என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பாதிப் பழி செத்தவள் மேல் போகும். அதையும் அவள்மேல் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை.

பாப்பா தரையிலிருந்த காகிதத்தை எடுத்தாள், நான்காக மடித்தாள், கைப்பையில் வைத்தாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவை நீ, வா, போ என்று கூப்பிட்டவள்.

"என் வீட்டு வேலைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்றாள். "நீங்க வர வேண்டாம்."

மறுநாள் சாண்காரர் விசாரணை நடந்த அந்தப் பழைய அலுவலகத்துக்குப் போய், நடந்ததைக் கைப்பட எழுதிக் கொடுத்தார். அங்கே எல்லாம் புது ஆட்கள். முடிந்துபோன கேஸ் பெரியவரே என்றார்கள். தகட்டையும் எழுதியதையும் மேசைமேல் வைத்துவிட்டு, கரையான் மருந்துக்காரர் வீட்டை விசாரித்துக்கொண்டு போய் எழுதியதன் நகலைக் கொடுத்தார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. காலை ஏழரைக்குப் போன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மூன்று வாரம் கழித்து ஹார்டுவேர் கடையில் ஒல்லியான ஒரு பிளம்பர், பழக்கமானவர்தான், இவரைப் பார்த்ததும் கையைத் தட்டிச் சிரித்தார்.

"சாண்காரண்ணே! உங்களுக்கு ஒரு ஜோடி கிடைச்சிருக்கு. புது வீடு ஒண்ணு, அந்தப் பொண்ணு இருக்கே, அப்பப்பா! வால்வைப் பிரிச்சு உள்ள தகடு இருக்கான்னு காட்டுன்னுச்சு. காட்டினேன். மறுபடி மாட்டி முடிக்கிற வரைக்கும் கண்ணெடுக்காம பக்கத்துலயே நின்னுச்சு. சமையலறைக் குழாயை மூணு தடவை ஏத்தி வைக்கச் சொல்லுச்சு. நாலு விரல் போதும்மான்னு சொல்றேன், கேட்டாத்தானே? கையை விரிச்சு வச்சு அளந்து பார்த்துட்டுத்தான் விட்டுச்சு. உங்களை மாதிரியேதான். எங்க கத்துக்கிச்சோ!"

சாண்காரர் கல்லாப்பெட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ கையால அளந்தாளா?"

"ஆமாண்ணே."

"அவளுக்கு அவங்கம்மா மாதிரிச் சின்னக் கையாச்சே," என்றார் சாண்காரர். "நாளைக்குப் போனீங்கன்னா இன்னும் ரெண்டு விரல் ஏத்தி வச்சிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."